பூட்டிய மேசைக்குள் ஒரு பாஸ்போர்ட்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் இந்தப் பள்ளியின் பழைய மாணவி. மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் வாத்தியார் சொல்வது காதில் விழாத காலத்தில் இங்கே படித்தவள். புந்தோங்கில் வளர்ந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மிஸ்ஸியாக வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். தலைமையாசிரியர் அவர்கள் என்னை அழைத்தபோது, "கல்வியின் பெருமையைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கம்மா" என்றார். கல்வியின் பெருமையைப் பேச எனக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். என்னைவிட அழகாகவே பேசுவார்கள். ஆகவே அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். அதன் பெயர் ஆள்கடத்தல்.

பரிசளிப்பு விழாவில் இதுவா என்று சிலர் நெளிவது எனக்குத் தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போவது எங்கேயோ நடக்கிற கதையை அல்ல.

நாம் சிறு பிள்ளைகளாக இருந்தபோது, பொழுது சாய்ந்தும் வீட்டுக்கு வராவிட்டால் அம்மா என்ன சொல்லிப் பயமுறுத்துவார்? "பிள்ளை பிடிக்கிறவன் வர்றான், மூட்டையிலே கட்டித் தூக்கிக்கிட்டுப் போயிடுவான்" என்பார். அதைக் கேட்டு வளர்ந்ததால், ஆள்கடத்தல் என்றதும் நம் மனக்கண்ணில் அந்த மூட்டைக்காரன்தான் வந்து நிற்கிறான். ஆனால் என் பாட்டி சொன்ன ஆள்பிடிக்கிறவன் மூட்டை எதுவும் கொண்டு வரவில்லை. வெள்ளை வேட்டி, தலைப்பாகை, கையில் குடை. திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "மலாயாவுக்கு வாங்க, ரப்பர் மரத்தடியிலே காசு கொட்டிக் கிடக்கு" என்றானாம். பஞ்சத்தில் வாடிய குடும்பம் அதை நம்பி நாகப்பட்டினத்துக்கு நடந்தது. கப்பலேறியது. பினாங்கில் இறங்கியபோதே கடன் தலைமேல் ஏறியிருந்தது.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் கங்காணி முறை நீடித்தது. ஆள் சேர்த்து வந்த கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவர் கூட்டி வந்த ஆள் வேலைக்குப் போனால்தான் அந்தக் காசு. ஆகவே, யாரும் தோட்டத்தை விட்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பிழைப்பாகவே ஆகிவிட்டது. கூலி வேலைக்கு ஆட்களை உதவிப்பணம் கொடுத்துக் கப்பலேற்றுவதை 1938-இல் இந்திய அரசாங்கம் தடுத்த பிறகுதான் அது ஓய்ந்தது. எல்லாக் கங்காணியும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கோயில் கட்டியவரும் உண்டு, பள்ளிக்கூடம் வைத்தவரும் உண்டு. அந்த ஏற்பாடு அப்படி என்கிறேன்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று 1942, 43-ஆம் ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாக ஆள் திரட்டினான். நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டினான். சில இடங்களில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து, கதவை மூடி, அப்படியே லாரியில் ஏற்றிய கதையும் உண்டு. என் தாத்தாவின் தம்பி போனவர் போனவர்தான். அவருக்குத் திதி கொடுக்க நாள் தெரியாததால், எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்கு அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவோம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? ஆள்கடத்தல் என்பது நமக்குப் புதிய பாடமல்ல. நம் குடும்பத்துச் சங்கதி. அதனாலேயே, இப்போது அது நம் பக்கத்து வீட்டில் நடந்தால் முதலில் நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். தெரிகிறதா? என் அனுபவத்தையே சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவுக்கு வெளியே ஒரு பட்டணத்தில் நம்மவர் நடத்தும் சாப்பாட்டுக்கடை ஒன்றில் பசியாறப் போனேன். ரொட்டி சானாய் கொண்டுவந்து வைத்த பையனுக்குப் பத்தொன்பது இருபது வயதிருக்கும். இராமநாதபுரம் ஜில்லாப் பேச்சு. முழங்கைக்குக் கீழே எண்ணெய் பட்டு வெந்த புண், மேலே மஞ்சள் அப்பியிருந்தது. முப்பது வருஷம் புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான். பார்த்த உடனே தெரிந்தது, அது இரண்டு மூன்று நாளாகக் கவனிக்காத புண், சீழ் பிடிக்கப் போகிறது என்று.

"என்னப்பா கையிலே?"

"ஒண்ணுமில்லக்கா, எண்ணெ பட்டிருச்சு."

"கிளினிக்குக்குப் போனியா?"

அவன் பதில் சொல்லவில்லை. கல்லாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் கண்டேன். கண்டும், பத்து வெள்ளியை அவன் கையில் திணித்து, "போய் மருந்து வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். புண்ணியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

அடுத்த தடவை போனபோது பையன் இல்லை. கேட்டேன். "ஓடிப்போயிட்டான்மா, நன்றி கெட்ட பய" என்றார்கள். பிறகு பல மாதம் கழித்து, இந்த மாதிரி ஆட்களுக்கு உதவும் தொண்டர் ஒருவர் வழியாக மீதிக் கதை தெரிந்தது. ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி வந்தவன். ஓட்டலில் சூப்பர்வைசர் வேலை என்று சொல்லி அழைத்து வந்தார்கள். வந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி மேசை அறையில் பூட்டிவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் நள்ளிரவு வரை நிற்க வேண்டும். கடைக்கு மேல்மாடியில் நாலு பேருக்கு ஓர் அறை, இரவில் வெளியே பூட்டு. சம்பளம் கேட்டால் "பெர்மிட் செலவில் கழிக்கிறோம்". ஒரு ராத்திரி குழாயைப் பிடித்து இறங்கி ஓடியவனை, கையில் பத்திரம் இல்லை என்று அதிகாரிகள் பிடித்து முகாமில் வைத்தார்கள். கடைசியில் ஊருக்கு அனுப்பப்பட்டான். வெறுங்கையோடு. கடன் அப்படியே இருந்தது.

அன்றைக்கு நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். "பாஸ்போர்ட் யாருகிட்டே இருக்கு? கடைசியா எப்ப சம்பளம் வாங்கினே?" இந்த இரண்டே கேள்விதான். கேட்கவில்லை.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைச் சற்றே விளக்க வேண்டும். ஐக்கிய நாட்டுச் சபை 2000-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்தது. பாலெர்மோ உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். பிறரைச் சுரண்டிப் பிழைக்கும் நோக்கத்தோடு, ஒருவரை ஏமாற்றியோ மிரட்டியோ அவருடைய இயலாமையைப் பயன்படுத்தியோ சேர்ப்பது, கொண்டுபோவது, அடைத்து வைப்பது, எல்லாமே ஆள்கடத்தல்தான். எல்லை தாண்ட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையாக இருந்தால், ஏமாற்றினார்களா மிரட்டினார்களா என்ற கேள்வியே எழாது. சுரண்டுவதற்காகக் கொண்டுபோனாலே குற்றம்.

நம் நாட்டில் இதற்கென்று 2007-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அதில் இரண்டு இடத்தை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, "அவனேதான் சம்மதிச்சு வந்தான்" என்ற சாக்கு செல்லாது. இன்னொன்று, கடத்தப்பட்டு வந்தவரை, பெர்மிட் இல்லை, கள்ளத்தனமாக நுழைந்தார் என்று குற்றம் சாட்டக் கூடாது. அப்படியானால் அந்தப் பையனை ஏன் முகாமில் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிடித்த அதிகாரியின் கண்ணுக்கு அவன் பத்திரமில்லாத அந்நியன். நான் கடத்தப்பட்டவன் என்று எடுத்துச் சொல்ல அவனுக்கு மலாயும் தெரியாது, சட்டமும் தெரியாது. அந்த இடத்தில் அவனுக்காகப் பேச ஒரு வாய் வேண்டியிருக்கிறது.

அப்படி வாயாக இருப்பவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். தெனாகானித்தா என்று ஒரு தொண்டு அமைப்பு. பெண்களின் சக்தி என்று பொருள்படும் பெயர். அதை 1991-இல் தொடங்கியவர் ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார். அவர் யார்? சுங்கை பட்டாணியில் 1946-இல் பிறந்து, ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த பெண். ஆசிரியர் வேலை பார்த்தவர். இருபத்து மூன்றாம் வயதில் அந்த வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் வந்து நின்றார். (ஆசிரியர்கள் பயப்பட வேண்டாம், எல்லாரும் வேலையை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.)

தோட்டத்தில் மருந்து அடித்த நம் பெண்களுக்காக முதலில் குரல் கொடுத்தவர்களில் இந்த அமைப்பும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வந்து, கண்ணெரிச்சலோடு டிரெசரிடம் போய் நின்ற பெண்களின் கதையைத் திரட்டி 2002-இல் நூலாக வெளியிட்டார்கள். பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லி இந்நாட்டில் முழுவதுமாக விலக்கப்பட்டது 2020-ஆம் ஆண்டில். மருந்து டின்னைத் தோளில் சுமந்த அம்மாமார்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஐரின் அம்மையார், தடுப்பு முகாம்களில் அந்நியத் தொழிலாளர்கள் படும் கொடுமையை 1995-இல் ஓர் அறிக்கையாக எழுதினார். முந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் பேசித் திரட்டிய விவரங்கள். அதற்காக, பொய்ச் செய்தி வெளியிட்டார் என்று 1996-இல் அவர்மீதே வழக்கு! ஏழு ஆண்டுகள் இழுத்து, 2003-இல் பன்னிரண்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். 2008-ஆம் ஆண்டு நவம்பரில்தான் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள் பிள்ளைகளே, ஓர் அறிக்கைக்குப் பதின்மூன்று ஆண்டு. இடையில் 2005-இல் சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது. 2014 மார்ச் 31-இல் அவர் காலமானார். அவருடைய தங்கை ஏஜில் பெர்னாண்டஸும் ஆள்கடத்தலுக்கு எதிரான வேலையைத் தோளில் சுமந்தவர். அவரும் இப்போது இல்லை. வேலை நிற்கவில்லை.

வேலை என்றால் சினிமாவில் வருவதைப் போலக் கதவை உடைத்து மீட்பதல்ல. பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கும். அழைப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகவோ, ரொட்டிக்காரராகவோ இருப்பார். "எதிர்வீட்டிலே வேலை செய்யிற பொண்ணு மெலிஞ்சுக்கிட்டே போகுது" என்பார். அதைச் சரிபார்க்க வேண்டும். போலீசுக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ எழுத்து மூலம் கொண்டுபோக வேண்டும். மீட்ட பிறகு தங்க இடம், வைத்தியம், மொழிபெயர்க்க ஆள், சம்பள பாக்கிக்குக் கணக்கு, நீதிமன்றத் தேதி. பாதிக்கப்பட்டவருக்கோ, "வழக்கு வேண்டாம், அம்மாவைப் பார்க்கணும்" என்ற ஒரே எண்ணம். வழக்கு முடியும் வரை அடைந்து கிடக்கிறார்களே என்ற குறை நெடுநாள் இருந்தது. வெளியே போய் வரவும் வேலை செய்யவும் வழி திறந்தது 2015-ஆம் ஆண்டுத் திருத்தம்தான்.

நம் ஈப்போவிலும் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. வீட்டில் அடிபடும் பெண்களுக்கு ஆலோசனை சொல்லித் துணை நிற்கும் பேராக் விமன் ஃபோர் விமன் சொசைட்டி இங்கே இருக்கிறது. அவர்களைப் போன்றவர்களிடம் போனால், எந்தக் கதவைத் தட்டுவது என்றாவது தெரியும்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். கடத்துகிறவன் வேற்று ஜாதிக்காரன், வெளிநாட்டுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் நம்மவர்தான். நம் கோயில் திருவிழாவுக்கு அன்னதானம் கொடுப்பவர்தான். முடிதிருத்தும் கடை, துணிக்கடை, பழைய இரும்புக் கடை, சாப்பாட்டுக்கடை என்று தமிழ்நாட்டிலிருந்து ஆள் வருகிறது. வரட்டும், தவறில்லை. முதலாளிமார்களில் மிகப் பெரும்பாலோர் ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கிறவர்களே. ஆனால் "பாஸ்போர்ட்டை நானே வெச்சிருக்கேன், பத்திரமா இருக்கட்டும்னு" என்று சொல்லாத முதலாளி எத்தனை பேர்? ஐயா, அடுத்தவர் பாஸ்போர்ட்டை முறையான காரணமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். வேலையாளை மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, அவர் இடத்தை விட்டுப் போக முடியாமல் தடுத்தால், 2023 ஜனவரியிலிருந்து நடப்பிலுள்ள தொழிலாளர் சட்டத் திருத்தப்படி ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அதே திருத்தத்தில் இன்னொன்றையும் செய்தார்கள். வீட்டு வேலைக்காரர் என்று பொருள்படும் பழைய சொல்லை எடுத்துவிட்டு, வீட்டுப் பணியாளர் என்று மாற்றினார்கள். சொல்லை மாற்றினால் போதுமா என்று கேட்கலாம். வீட்டிலே "ஏய்" என்று கூப்பிடுகிறவர்களுக்கு அதுவே பெரிய மாற்றம்.

2018 பிப்ரவரியில் புக்கிட் மெர்தாஜாமில் நடந்தது நினைவிருக்கும். அந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பணிப்பெண்ணை வீட்டு வாசல் தாழ்வாரத்தில் நாயோடு படுக்க வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் தகவல் கொடுத்து மீட்டார்கள். மறுநாளே அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். தகவல் கொடுத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு மாதம் முந்தியிருந்தால் என்ற நினைப்பும் வராமல் இல்லை.

தோட்டத்துப் பெருமக்களே, உங்களுக்கும் ஒன்று. நாம் இருந்த லயங்களில் இப்போது வங்காளதேசத்தாரும் அந்தோனேசியரும் இருக்கிறார்கள். "அவங்க வந்துதான் நம்ம சம்பளம் ஏறலே" என்று ஆத்திரப்படுகிறோம். அந்த ஆத்திரம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் அவனும் ஊரில் நிலத்தை அடகு வைத்துக் கடனோடு வந்தவன்தான். 2020-இல் அமெரிக்க அரசாங்கம் நம் நாட்டின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயை, கட்டாய உழைப்பு என்ற காரணத்தைச் சொல்லித் துறைமுகத்திலேயே தடுத்தது. அப்போதுதான் பாஸ்போர்ட்டு திருப்பிக் கொடுப்பதைப் பற்றியும், ஏஜெண்டு வாங்கிய பணத்தைத் தொழிலாளிக்குத் திருப்புவதைப் பற்றியும் பேச்சு வேகம் பிடித்தது. கொடுக்கிற கூலிக்குச் சத்தம் போடாத ஆள் பக்கத்தில் இருக்கும்வரை நம் கூலியும் ஏறாது. கணக்கு அவ்வளவுதான்.

மாணவச் செல்வங்களே, குறிப்பாக ஆறாம் வகுப்பை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறவர்களே, உங்கள் அண்ணன்மார், அக்காமார் காதிலும் இதைப் போடுங்கள். இப்போது ஆள்பிடிக்கிறவன் குடை பிடித்து வருவதில்லை. கைத்தொலைபேசியில் வருகிறான். "வெளிநாட்டில் வாடிக்கையாளர் சேவை, படிப்பு தேவையில்லை, மாதம் ஆறாயிரம் எட்டாயிரம் வெள்ளி, விமான டிக்கெட் இலவசம்" என்று விளம்பரம் வரும். போய் இறங்கினால் கம்போடியாவிலோ, தாய்லாந்து எல்லையில் மே சோட்டுக்கு அப்பால் ஆற்றைக் கடந்து பர்மாவிலோ, முள்கம்பி போட்ட கட்டடத்துக்குள் இருப்பார்கள். பாஸ்போர்ட் போய்விடும். முன்பின் தெரியாதவர்களிடம் ஆசை வார்த்தை பேசிப் பணம் பறிப்பதுதான் வேலை. கணக்கு எட்டாவிட்டால் அடி. வெளியே வர வேண்டுமானால் குடும்பம் பணம் கட்ட வேண்டும். ஐக்கிய நாட்டு மனித உரிமை அலுவலகம் 2023-இல் சொன்ன கணக்குப்படி, பர்மாவில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி அகப்பட்டிருக்கலாம். 2022-இல் நம் ஈப்போ இளைஞர் ஒருவரே இந்த வலையில் சிக்கி அந்நிய மண்ணில் உயிர்விட்டார். எங்கேயோ நடக்கிற கதை அல்ல என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

ஆகவே வெளிநாட்டு வேலை என்றால் உடனே பல்லைக் காட்டிவிடாதீர்கள். கம்பெனியின் பெயரை எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை உங்கள் பழைய ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். "யாருக்கும் சொல்லாதே, இடம் போயிடும்" என்று எவன் சொல்கிறானோ, அவனோடு பேச்சை அந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள். அம்மா அப்பாவின் தொலைபேசி எண்ணை மனப்பாடம் பண்ணுங்கள். திருக்குறள் மனப்பாடப் போட்டியில் முதல் பரிசு வாங்கும் பிள்ளைக்கு அப்பாவின் எண் தெரியவில்லை, "போன்ல இருக்கு டீச்சர்" என்கிறது! போனைத்தான் முதலில் பிடுங்குவான்.

இன்னொரு விஷயம் பெற்றோர்களுக்கு. பிறப்புப் பத்திரம் இல்லாத, அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தோட்டத்தில் வீட்டிலேயே பிரசவமாகி எழுதாமல் விட்டது, கோயிலில் தாலி கட்டிவிட்டுத் திருமணத்தைப் பதியாமல் விட்டது, இப்படிப் பல காரணம். ட்ரா மலேசியா என்ற தொண்டு அமைப்பு இந்தக் குடும்பங்களைத் தேடிப் போய்ப் பாரங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இதற்கும் ஆள்கடத்தலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அட்டை இல்லாத பிள்ளைக்கு ஒழுங்கான வேலை கிடைக்காது. "அட்டை எல்லாம் வேண்டாம், நீ வா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்பவனிடம்தான் போய் நிற்கும். நாளைக்கு அந்தப் பிள்ளை காணாமல் போனால், இருந்தது என்பதற்கே தாள் இருக்காது. வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள் அம்மா. தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்.

எதையாவது கண்டால் என்ன செய்வது? நீங்களே போய்க் கதவைத் தட்டிச் சண்டை போடாதீர்கள். அன்றைக்கே அந்த ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999. இல்லாவிட்டால் 15999 என்ற தாலியான் காசே எண், இரவு பகல் எடுப்பார்கள். வீட்டு எண், சடக்கின் பெயர், எந்த நேரத்தில் என்ன பார்த்தீர்கள் என்பதைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். "எனக்கு எதுக்கு வம்பு" என்று தோன்றும். எனக்கும் அன்றைக்குத் தோன்றியது.

நேரம் ஆகிவிட்டது, பிள்ளைகளின் கோலாட்டம் காத்திருக்கிறது. விழா முடிந்ததும் சிற்றுண்டி மேசைக்குப் பக்கத்தில், கச்சான் பூத்தே டின் வைத்திருக்கும் இடத்தில்தான் நான் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைக்குப் பத்திரம் இல்லாதவர்கள், வெளியூர் போன மகனிடமிருந்து சேதி வராதவர்கள், தன் கடைப் பையன்களின் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க நினைத்து எப்படி என்று யோசிக்கிறவர்கள், யாராக இருந்தாலும் வாருங்கள். பெயரை எழுத மாட்டேன். தேநீர் குடித்துக்கொண்டே பேசலாம்.